கத்தியும் முத்திரையும்

சென்ற மாதம் ஒரு மாலை, அயனம்பாக்கம் ஏரிக்கரை அருகே ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். டெலிவிஷனில் ‘இந்தியன்’ ஓடிக்கொண்டிருந்தது. 1996-ல் வந்த ஷங்கரின் படம். லஞ்சம் வாங்கியவனைக் கிழவர் சேனாபதி கத்தியால் குத்தியதும், பெஞ்சிலிருந்த இருவர் கைதட்டினார்கள்.

விளம்பரம் வந்தது. ஒருவர் கேட்டார்: “பட்டா மாத்துற வேலை இன்னாச்சுப்பா?”

“முடிஞ்சிச்சு. கேட்டத குடுத்துட்டேன்.”

அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை, நானும் கொடுத்தவன்தான். என் விசாரமெல்லாம் கதையைப் பற்றியது. ஊழலை எதிர்த்துச் சொல்லப்பட்ட கதை, நம்மை ஏன் இவ்வளவு நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது?

கெட்டவன் ஒருவன், அவனைத் தீர்க்க ஒருவர். கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. பார்க்கிறவனுக்கு மிச்சம் வேலை எதுவும் இல்லை. இத்தனைக்கும் அதே படத்தில் கத்தியைவிடக் கூர்மையான கட்டம் ஒன்று உண்டு. பிரேக் சரியில்லாத பஸ்ஸுக்குச் சேனாபதியின் மகனே பணம் வாங்கிக்கொண்டு தகுதிச் சான்று கொடுக்கிறான். பள்ளிக் குழந்தைகள் சாகிறார்கள். ஒரு முத்திரைக்கும் ஒரு சாவுக்கும் நடுவே எவ்வளவு குறைந்த தூரம் என்று அங்கே தெரிகிறது. அந்தக் கட்டத்துக்கு யாரும் கைதட்டுவதில்லை.

கோயம்புத்தூரில் ஆட்டோ ஓட்டிய சந்திரகுமார், செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி 1983-ல் குண்டூர் போலீஸ் தம்மை அடித்ததை ‘லாக்கப்’ என்று எழுதினார். அதை ஆதாரமாகக் கொண்டு வெற்றிமாறன் 2015-ல் எடுத்த படம் ‘விசாரணை’. அதன் பிற்பாதியில், அரசியல்வாதிகளின் கறுப்புப் பணத்துக்குக் கணக்கு வைத்திருந்த ஆடிட்டர் காவலில் இறக்கிறார். பார்த்தவர்கள் உயிரோடு இருக்கக் கூடாது என்று ஆகிறது. இன்ஸ்பெக்டர் முத்துவேல் மனச்சாட்சி உள்ள மனிதர். அவரையும் அந்த யந்திரம் விடவில்லை. இங்கே சேனாபதியின் கத்தியைக் கொடுத்தால் யாரைக் குத்துவது? ஒவ்வொருவனும் தனக்கு மேலே உள்ளவனைக் கைகாட்டுகிறான்.

இப்படிப்பட்ட கதை அவநம்பிக்கையைத்தான் வளர்க்கும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். பாதி உண்மை. ஆனால் குற்றம் ஒரு ஏற்பாடாக நடக்கும்போது, அந்த ஏற்பாட்டைக் காட்டாமல் ஓர் அயோக்கியனை மட்டும் காட்டுவது ஜனங்களை ஏமாற்றுவதாகும்.

‘இந்தியன்’ பார்த்த இரவு நான் சுகமாகத் தூங்கினேன். ‘விசாரணை’ பார்த்த இரவு, என்றோ நான் கொடுத்த பணம் எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்குப் போயிருக்கும் என்று முதல் தடவையாக யோசித்துக்கொண்டு கிடந்தேன்.