அம்பத்தூர் சைக்கிளும் ஏலகிரி ஏற்றமும்

மலைப்பாதையில் சைக்கிள் ஏறுவதை ரசிக்கத் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது பெடல் சுற்றும் சீரைத்தான். அடிவாரத்தில் நிமிடத்துக்கு அறுபத்தைந்து சுற்று என்றால் கடைசி வளைவிலும் ஏறக்குறைய அதே அளவு இருக்க வேண்டும். தோள் ஆடக்கூடாது, பக்கத்தில் வருபவருக்குப் பதில் சொல்லும் அளவுக்கு மூச்சு மிச்சமிருக்க வேண்டும்.

அந்தச் சீர் பாதி காலில், பாதி வண்டியில். முருகப்பா குழுமமும் பர்மிங்காமின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூர் ஆலையிலிருந்து ஹெர்குலிஸ் வண்டிகளை நாடெங்கும் அனுப்பியது. எஃகுத் தகட்டைச் சுருட்டி ஒட்டிக் குழாயாக்கும் டியூப் ப்ராடக்ட்ஸ் 1955-இல் ஆவடியில் வந்தது. பால் கேனுக்கும் நெல் மூட்டைக்கும் பிறந்த அந்தக் கறுப்பு வண்டி கனமானது. ஆனாலும் கேரியரில் சுமை ஏற்றி நெடுந்தூரம் போகிறவர்கள் இன்றும் எஃகு ஃபிரேமைத்தான் தேடுகிறார்கள். சாலையின் அதிர்வைக் கொஞ்சம் தானே வாங்கிக்கொள்ளும். முறிந்தாலும் சிற்றூர் வெல்டிங் பட்டறையில் ஒட்டிவிடலாம்.

அந்தக் கறுப்பு வண்டியின் குறை மலையில்தான் தெரியும். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள ஒற்றை கியர் வண்டி, பெடல் ஒரு சுற்று சுற்றினால் ஐந்து மீட்டருக்கு மேல் ஓடும். பூந்தமல்லியிலிருந்து வேலூர் வரையிலான சமவெளிக்கு இது தாராளம். ஏற்றத்திலோ ஒவ்வொரு மிதியும் மாடிப்படி ஏறுவதாகிவிடும். முன்னும் பின்னும் 34 பல் வைத்த கியர் வண்டியில் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் சொச்சம்தான். மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்துக்கு அதில் அறுபது சுற்றுக்கு மேல் மிதிக்கலாம். ஒற்றை கியரில் அதே வேகத்துக்கு இருபத்தைந்துதான் வரும். முழங்கால் நோவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பூந்தமல்லியில் கிளம்பி முதல் இரவு வேலூரில் தங்குபவருக்கு, மறுநாள் ஏலகிரி சுமார் 90 கிலோமீட்டர். விடியுமுன் புறப்படுவது நல்லது. பாலாற்றை ஒட்டிய நெடுஞ்சாலை தட்டையாகத் தோன்றினாலும் வாணியம்பாடி வரை மெல்ல ஏறிக்கொண்டே போகும். காற்று எதிர்க்கிறது என்று பலர் நினைப்பது உண்மையில் இந்த ஏற்றத்தை. வழியில் ஆம்பூர். பிரியாணியைத் திரும்பும் நாளுக்கு ஒத்திவைத்து, இட்லியோடும் மோரோடும் நகர்பவரே அனுபவசாலி.

பொன்னேரி அடிவாரத்தில் மலைச்சாலை தொடங்குகிறது. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலுள்ள ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்களின் பெயர்கள். பாரியின் வளைவும் எதையும் சும்மா தருவதில்லை. ஆனால் வளைவுகள் எல்லாம் ஒன்றல்ல. இடப்பக்கம் போகும் நம் சாலைவிதிப்படி, இடப்புறம் திரும்பும் வளைவில் ஏறுபவர் உள்விளிம்பில் மாட்டிக்கொள்கிறார். சாலை அங்கேதான் மிகச் செங்குத்து. வலப்புறம் திரும்பும் வளைவில் வெளிவிளிம்பு அவருக்கு. தூரம் அதிகம், சரிவு குறைவு. தேர்ந்தவர் இடது வளைவுக்குப் பத்தடி முன்பே, செயினில் இழுவிசை ஏறுமுன், கியரைத் தளர்த்திவிடுவார். வளைவுக்குள் போய் மாற்றினால் செயின் நறநறக்கும், சில நேரம் கழன்றே விடும். வலது வளைவில் தண்ணீர் குடித்து மூச்சு வாங்கிக்கொள்வார்.

இறங்குவது வேறு கலை. பிரேக்கை அழுத்தியபடியே வந்தால் ரிம் சூடேறும்; நீண்ட இறக்கத்தில் அந்தச் சூடு டியூபையே வெடிக்க வைக்கலாம். அதனால் முன்பிரேக்கையும் பின்பிரேக்கையும் மாறி மாறி, விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் வண்டியை உட்பக்கம் சாய்த்து, உட்பக்கப் பெடலை மேலே நிறுத்தி, பார்வையை வளைவு முடியும் இடத்தில் வைக்க வேண்டும். கம்பி பிரேக் கொண்ட பழைய வண்டியில் ரப்பர் கட்டை ரிம்மின் உட்பக்கத்தில் உரசும். மழையில் நனைந்தால் அது பிடிக்க நேரமாகும். அப்படிப்பட்ட வண்டியைச் சாரல் நாளில் இறங்கி உருட்டிக்கொண்டு வருவதே முறை.