எஞ்சினுக்கும் ஒரு பங்கு

படகு கரையேறி மீன் ஏலம் போனதும் எண்ணெய்க் காசும் படிக்காசும் முதலில் கழியும். மிஞ்சியதைப் பங்கு வைப்பார்கள். ஆளுக்கொரு பங்கு, படகு, வலை, எஞ்சின் ஆகியவற்றுக்குத் தனிப் பங்கு. கணக்கு ஊருக்கு ஊர் மாறினாலும், எஞ்சின் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பது படகில் ஏறிய கடைசி ஆளுக்கும் தெரியும்.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரக் கார்த் தொழிற்சாலைகளில் பற்றவைப்பு வேலையைப் பெரும்பாலும் ரோபோ கைகளே செய்கின்றன. அவற்றின் பங்கு எவ்வளவு என்பது பக்கத்தில் நிற்கும் தொழிலாளிக்குத் தெரியாது. தீப்பொறியும் புகையும் விலகியதில் நிம்மதி. அடுத்து எவர் வேலை போகும் என்று தெரியாததில் கலக்கம். பழவேற்காட்டு மீனவர் வழக்கத்தில் இதற்கு மருந்து உண்டா?

பழவேற்காடு, சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. முகத்துவாரத்தை ஒட்டி நல்ல இறால் கிடைக்கும் இடங்கள் கொஞ்சம், வலைகளோ அதிகம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் இதற்குக் கண்ட வழி ‘பாடு’. எந்த நாளில் யார், எந்த இடத்தில், எந்த வலை என்பதெல்லாம் முறை வைத்து முடிவாகும். செபாஸ்டியன் மேத்யூ இதைப் பற்றிச் செய்த ஆய்வை ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 1991இல் வெளியிட்டது.

பாட்டின் பலம், கருவி நீரில் இறங்கும் முன்பே பேச்சு முடிந்துவிடுவது. பணம் உள்ளவர் புது வலை வாங்கலாம். அடுத்தவருடைய நாளை வாங்க முடியாது. இப்படி ஒரு பேச்சு இல்லாமல் கடலுக்கு வந்தவை இழுவைப்படகுகள். சிறு மீனவர்களின் வலைகள் அறுந்தன, கைகலப்புகள் நடந்தன. அதற்குப் பிறகே தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டம் இழுவைப்படகு போன்ற விசைப்படகுகளைக் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால் நிறுத்தியது.

குறைகளும் சிறியவை அல்ல. பாட்டில் இடம்பெற ‘தலைக்கட்டு’ ஆக வேண்டும். அது மரபான மீனவச் சாதியின் ஆண்களுக்கே வாய்க்கும். கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் பெண்களுக்கும் முறை கிடையாது. பங்குக் கணக்கிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. எஞ்சினுக்கு வயிறு இல்லை. அதன் பங்கு உடைமைக்காரர் வீட்டுக்கே போகிறது. படகும் வலையும் எஞ்சினும் ஒருவருடையதே என்றால், உழைப்பவர் பங்கு மெலிந்துவிடும்.

மூன்றாவது குறை, பாட்டின் அதிகாரம் தண்ணீரோடு நின்றுவிடுவது. எண்ணூர்த் துறைமுகம் 2001இல் வந்தது. பின்னர் காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தது. அந்தப் பெரிய இயந்திரங்களுக்கு முறை வைக்க எந்தத் தலைக்கட்டாலும் முடியவில்லை. இன்று பழவேற்காட்டுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் ‘கம்பெனி வேலை’க்குப் போகிறார்கள். அப்பாவுக்கு ஏரியில் இருந்த சொல்லுரிமை மகனுக்குத் தொழிற்சாலை வாசலுக்கு உள்ளே இல்லை.

ஆகவே பாட்டை அப்படியே தூக்கிக் கொண்டாடுவது தவறு. சாதி வேலியோடு சேர்த்துப் போற்ற அதில் ஒன்றுமில்லை. ஆனால் மீனவரின் இரண்டு பழக்கங்களைத் தொழிற்சாலை கடன் வாங்கலாம்: இயந்திரம் வருமுன் பேசுவது, அதன் பங்கை எல்லார் முன்னிலையிலும் எண்ணுவது. புதிய ரோபோ இறங்கும் நாளில் தொழிற்சங்கம் கேட்க வேண்டிய முதல் கேள்வி கரையிலேயே இருக்கிறது: இதற்கு எத்தனை பங்கு, அது யார் வீட்டுக்குப் போகிறது?