அருளா, முயற்சியா? திருச்சியில் சமயமும் தத்துவமும் கற்பது பற்றி

திருவரங்கத்தில் வேதாந்தம் கற்க இன்றும் வழி உண்டு. திருச்சிக் கல்லூரிகளில் சமயத்துக்கும் ஓர் இடம் உண்டு. முன்னது ஆசாரியர் முன் அமர்ந்து கேட்கும் காலட்சேபம். பின்னது பெரும்பாலும் விழுமக் கல்வி என்னும் சிறு தாள். காலட்சேபத்தில் நூற்பயிற்சி ஆழமானது. ஆயினும் ரகசிய கிரந்தங்களைக் கேட்கப் பஞ்ச சம்ஸ்காரம் என்னும் வைணவத் தீட்சை வேண்டும் என்பது மரபு. விழுமக் கல்வி எல்லோருக்கும் பொது. ஆனால் அது அறிவுரையோடு நின்றுவிடுகிறது. சமய நூல்களை வாதங்களாகக் கொண்டு, எதிர்வாதத்தோடு சீர்தூக்கிப் பார்க்கும் படிப்பு இவ்விரண்டுக்கும் இடையில் அரிதாகிவிட்டது. அதைத் தொடங்குவதற்குத் தமிழ்நாட்டில் திருச்சியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை என்பதே என் வாதம்.

முதலில் முறையைப் பார்ப்போம். இராமானுசரின் ஸ்ரீபாஷ்யம் தன் முதல் சூத்திர விளக்கத்திலேயே அத்வைதியின் கட்சியை விரிவாக எடுத்துரைக்கிறது. மறுப்பு அதன் பிறகுதான் வருகிறது. மகாபூர்வபட்சம் எனப்படும் அப்பகுதி, மறுக்கப்படுபவர் தரப்பை அதன் முழு வலிமையோடு கூறிவிட்டே வாதிட வேண்டும் என்ற ஒழுங்கைக் கற்பிக்கிறது. வேதாந்த தேசிகரின் பரமதபங்கம் இதே வழியில் பிற தரிசனங்களை ஒவ்வொன்றாக ஆராய்கிறது. தத்துவ வகுப்பு மாணவனுக்குத் தர வேண்டிய முதற்பயிற்சி இதுதான். அதை வெளியூரிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பல நூற்றாண்டுகளாகப் பயின்று வந்த முறை அது.

அடுத்தது பாடம். இறைவனின் அருள் முந்துமா, மனிதனின் முயற்சி முந்துமா என்பது வைணவத்தில் பிள்ளை லோகாசாரியர் வழியினருக்கும் தேசிகர் வழியினருக்கும் இடையே நின்ற கேள்வி. தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டி, தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டி என்று மரபே அதைச் சுருக்கிச் சொல்லும். ஐரோப்பாவில் இதே கேள்வி அகஸ்தீனாருக்கும் பெலாஜியருக்கும் இடையே எழுந்தது. பின்னர் இதே கேள்வியில் இயேசு சபையைச் சேர்ந்த மொலினா கொண்ட கருத்தை தொமினிக்கன் சபையினர் எதிர்த்தபோது, திருத்தந்தை ஐந்தாம் பவுல் எந்தத் தரப்புக்கும் தீர்ப்பளிக்காமல் 1607இல் விவாதத்தை நிறுத்திவைத்தார். கலாம் என்னும் இஸ்லாமிய இறையியல் மரபில், மனிதன் தன் செயலைத் தானே படைக்கிறானா என்பதில் முஃதஸிலாக்களும் அஷ்அரிகளும் பிரிந்தனர். 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு வந்த இயேசு சபையின் தூய வளனார் கல்லூரியும், 1951இல் தோன்றிய ஜமால் முகமது கல்லூரியும், அரங்கன் கோயிலும் ஒரே ஊர் எல்லைக்குள் இருக்கின்றன. ஒரே கேள்வியை மூன்று மரபுகளின் வழியே படிக்க இதைவிட நல்ல வாய்ப்பு எங்கே கிடைக்கும்?

வெளியே இந்த ஒப்பீடு எப்போதோ தொடங்கிவிட்டது. ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ, வைணவ அருட்கொள்கையையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டு 1930இல் ஒரு நூல் வெளியிட்டார். இயேசு சபைத் துறவி பிரான்சிஸ் குளூனி, தேசிகரின் சரணாகதி நூலையும் பிரான்சிஸ் சலேசியாரின் நூலையும் அருகருகே வைத்து 2008இல் எழுதினார். ஹார்வர்டில் படிக்கப்படும் தேசிகர், காவிரிப் பாலத்துக்கு இக்கரையில் உள்ள வகுப்பறைகளுக்கும் வர வேண்டும்.

மறுப்புகள் மூன்று. அரசியலமைப்பு இதற்கு இடம் தராது என்பது ஒன்று. 28ஆம் பிரிவு, முழுதும் அரசு நிதியில் நடக்கும் நிறுவனங்களில் சமய போதனையைத்தான் தடுக்கிறது. சமயங்களைப் பற்றிய கல்வி அதில் அடங்காது என்பதை உச்ச நீதிமன்றம் 2002இல் அருணா ராய் வழக்கில் தெளிவாக்கியது. நம்பிக்கையற்றவர் கையில் புனித நூல் சிதையும் என்பது இரண்டாவது. இந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் திருவாய்மொழிக்கான ஈட்டு உரையைப் புருஷோத்தம நாயுடு எளிய தமிழில் தர, சென்னைப் பல்கலைக்கழகம் அதைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டதே, அதனால் ஈடு சிதையவில்லை. புதிய வாசகர்களைப் பெற்றது. வேலை கிடைக்காது என்பது மூன்றாவது. தத்துவத்தை மட்டுமே பட்டப்படிப்பாக எடுப்பவருக்கு இது உண்மையான இடர்தான். ஆகவே நான் கேட்பது தனிப் பட்டம் அன்று. இயற்பியலோ வணிகவியலோ படிப்பவரும் எடுக்கக்கூடிய விருப்பப் பாடம்.

திருச்சியின் கல்லூரிகள் சேர்ந்து அப்படி ஒரு பருவப் பாடத்தை வகுக்கட்டும். திருவரங்கத்து வித்வான்களையும், இறையியல் ஆசிரியர்களையும், அரபுத் துறையினரையும் அதற்கு அழைக்கட்டும். எதிர்த்தரப்பை நேர்மையாக எடுத்துரைக்கத் தெரிந்த பட்டதாரிகள், இன்று நம் பொதுவாழ்வுக்கு மிக அவசரமான தேவை.