எய்தவன் இருக்க...

முகம் சுளித்தனர் சிலர், கைகொட்டினர் பலர். "இப்படியும் ஏசுவதா?" என்றனர் முன்னவர். "இதுவன்றோ வீரம்!" என்றனர் பின்னவர். முன்னவர் கண்டது சொல்லின் கடுமை. பின்னவர் கண்டது சொல்லின் வேகம். அந்தச் சொல் யார்மீது பாய்ந்தது, யாரைத் தொடாமல் விட்டது என்று கேட்டவர் மிகச் சிலரே. அதைக் கேட்கவே இக்கட்டுரை.

நியூயார்க் மாநகரின் பிராங்க்ஸ் பகுதியைச் சேர்ந்த கறுப்பினப் பாடகர் டிம் டாக், 1991 நவம்பரில் தம் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டார். 'பெனிசிலின் ஆன் வாக்ஸ்' என்பது அதன் பெயர். நோய் தீர்க்கும் மருந்தை இசைத்தட்டில் ஏற்றித் தருகிறாராம்! நோய் எது? நாட்டின் மறுகரையில், லாஸ் ஏஞ்சல்சை அடுத்துள்ள காம்ப்டன் நகரின் ராப் பாடகர்கள்! தொகுப்புக்கு முன்னோடியாக வந்த பாட்டின் தலைப்பே அந்த ஊரின்மீது வீசப்பட்ட வசைமொழி.

அமெரிக்கக் கறுப்பரின் பாட்டு நமக்கென்ன என்று கேட்போர் இருக்கக்கூடும். 1873-ஆம் ஆண்டிலேயே சோதிராவ் புலே தமது 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அன்று தொட்ட உறவு இது. அவர்களுடைய வெற்றியில் நமக்கு மகிழ்ச்சியுண்டு; அவர்களுடைய பிழையில் நமக்குப் பாடமுண்டு.

கடுஞ்சொல் கேட்டுக் காதைப் பொத்திக்கொள்வோர் அல்லர் நாம். தலைமுறை தலைமுறையாக வாய்ப்பூட்டு பூண்டவன் வாய்திறந்தால், முதற் சொல் தேனாகவா சொட்டும்? நெருப்பாகத்தான் தெறிக்கும். ஆனால் நெருப்பு எரிக்க வேண்டியது ஆண்டையின் மாளிகையையா, அடுத்த குடிசையையா?

பிராங்க்ஸ் எத்தகைய மண்? நகரைச் சீர்திருத்துகிறோம் என்றவர்கள் அதன் மார்பைப் பிளந்து நெடுஞ்சாலை போட்டனர். வீடுகள் இடிந்தன, வசதியுள்ளோர் வெளியேறினர், 1970-களில் தெருத்தெருவாகக் கட்டடங்கள் தீக்கிரையாயின. அந்தச் சாம்பல் மேட்டில்தான், 1973 ஆகஸ்டு 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தில், சிண்டி காம்ப்பெல் என்னும் மாணவி ஒரு விருந்து நடத்தினார். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50. அவருடைய அண்ணன், ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க், இரண்டு இசைத்தட்டுகளை மாறிமாறிச் சுழற்றி, முழவு மட்டும் தனித்து ஒலிக்கும் இடத்தை நீட்டிக்கொண்டே போனார். அம்முழவின்மீது பேச்சு ஏறியது; ராப் வளர்ந்தது. இசைக்கருவி வாங்க வகையற்ற இளைஞர்கள் இசைத்தட்டையே கருவியாக்கிக்கொண்டனர்!

காம்ப்டன் மட்டும் சீமான்களின் சோலையா? ஆலைகள் மூடின, வேலை போயிற்று, போதைப்பொருள் புகுந்தது. கிரிப்ஸ், பிளட்ஸ் என்னும் இரு கூட்டங்கள் நீலத் துணியும் சிவப்புத் துணியும் அணிந்து ஒன்றையொன்று சுட்டன. அந்த மண்ணிலிருந்து என்.டபிள்யூ.ஏ. குழு 1988-இல் 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' தொகுப்பைத் தந்தது. காவலரின் கொடுமையைச் சாடிய அதன் பாட்டைக் கண்டு, எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் 1989-இல் இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதமே எழுதினார். 1991-இல் அக்குழுவின் அடுத்த தொகுப்பு அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தில் ஏறி அமர்ந்தது.

பிராங்க்ஸ் குமுறியது. கலையைப் பெற்ற தாய் மூலையில் கிடக்க, புகழும் பொருளும் மேற்கே போவதா? இந்தக் குமுறல் பொய்யன்று. டிம் டாக்கின் குரலில் அது இடியாக இறங்குகிறது. அல்ட்ராமேக்னடிக் எம்சீஸ் குழுவின் செட் ஜீ பங்குகொண்டு அமைத்த தாளம், சம்மட்டி அடியாக விழுகிறது. மெருகில்லை, குழைவில்லை, ஆனால் உரமுண்டு. அதை மறுப்பது நேர்மையாகாது.

ஒரு நல்ல கேள்வியும் உண்டு அந்தப் பாட்டிலே. துணியின் நிறத்துக்காகவா ஒருவரையொருவர் கொல்கிறீர்கள் என்று காம்ப்டனின் கூட்டங்களை எள்ளுகிறார். பகுத்தறிவின் கேள்வி இது! ஆனால், கேட்ட வாய் மூடுவதற்குள் அவரே செய்வதென்ன? நிறத்துக்குப் பதில் ஊர். துணிக்குப் பதில் நிலப்படம். நீலம், சிவப்பு என்று சண்டையிடுவது மடமையென்றால், கிழக்கு, மேற்கு என்று சண்டையிடுவது மட்டும் அறிவுடைமையோ?

பெண்ணைப் பற்றிய பேச்சு இன்னும் இழிவு. டீ பார்ன்ஸ் என்னும் தொலைக்காட்சித் தொகுப்பாளரை, 1991 சனவரியில் டாக்டர் ட்ரே அடித்தார். வழக்குக்கு எதிர்வாதம் புரியாமல் தண்டனையும் ஏற்றார். டிம் டாக் இதைக் குத்திக்காட்டுகிறார். அடிபட்ட பெண்ணுக்கு நீதி கேட்டா? இல்லை, பெண்ணை அடித்தவனே, என்னிடம் வா என்று ஆண்மை பேச! அதே மூச்சில் மிஷெல் என்னும் பாடகியை இழித்துரைக்கிறார். பெண்ணை ஏவுகணையாக்கி ஆண்கள் ஆடும் ஆட்டத்துக்கு வீரமென்று பெயரிட நாம் ஆயத்தமாயில்லை.

காம்ப்டன் சும்மா இருக்குமா? டிஜே குவிக் திருப்பி ஏசினார். 1992-இல் டாக்டர் ட்ரேயின் 'தி க்ரானிக்' தொகுப்பும் டிம் டாக்கைச் சாடியது. ஏசியவரும் கறுப்பர், ஏசப்பட்டவரும் கறுப்பர். கல்லாவை எண்ணியவர் யார்? டிம் டாக்கின் தட்டு, சோனி முதலாளிகளுக்குச் சொந்தமான கொலம்பியாவின் வழியே வந்தது. ட்ரேயின் தட்டு, டைம் வார்னர் பங்கு கொண்டிருந்த இன்டர்ஸ்கோப்பின் வழியே வந்தது. சேவல்கள் இரண்டு, களத்தின் சொந்தக்காரர் வேறு!

அந்த 1991 எத்தகைய ஆண்டு? மார்ச்சு 3 அன்று லாஸ் ஏஞ்சல்சில் ராட்னி கிங் என்னும் கறுப்பரைக் காவலர்கள் தடியால் அடித்து வீழ்த்தியதை உலகமே படத்தில் கண்ட ஆண்டு. அடித்தவன் கண்முன்னே நிற்கிறான். அம்போ, அடிபட்ட இனத்தார்மீதே பாய்கிறது! எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது பழமொழி. இங்கே அம்பு அம்பை நோகிறது.

கிழக்கு–மேற்குப் பகை பின்னர் முற்றியது. 1996 செப்டம்பரில் மேற்கின் முகமாக விளங்கிய டூபாக் ஷாகூர் சுடப்பட்டு மாண்டார். 1997 மார்ச்சில் கிழக்கின் முகமாக விளங்கிய நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. மாண்டார். ஒருவருக்கு வயது 25, மற்றவருக்கு 24. டிம் டாக்கின் பாட்டுத்தான் கொன்றது என்று நாம் சொல்லமாட்டோம். அது அறிவுக்கு ஒவ்வாது. ஆனால் பகையே விற்பனைச் சரக்கு என்று சந்தைக்குக் கற்பித்ததில் அதற்கும் பங்குண்டு.

டிம் டாக் தம் ஊரின் வரலாற்றையே மறந்தார் என்பதுதான் நம் வருத்தம். 1971 டிசம்பரில், பிராங்க்ஸ் இளைஞர் கூட்டங்களின் சண்டையை விலக்கச் சென்ற 'பிளாக் பென்ஜி' என்பவர் அடித்துக் கொல்லப்பட்டார். பழிக்குப் பழி என்று ஊர் கொதித்தது. அவர் சார்ந்த கெட்டோ பிரதர்ஸ் கூட்டமோ பழி வேண்டாமென்றது. டிசம்பர் 8 அன்று ஹோ அவென்யூவில் கூட்டங்கள் கூடி அமைதி பேசின. தெரு எல்லைகளின் கெடுபிடி தளர்ந்தது. இளைஞர்கள் அடுத்த தெரு விருந்துக்கு அஞ்சாமல் போக வழி பிறந்தது. அந்த அமைதியின் பிள்ளையன்றோ ராப்!

அவர் மடையரென்று எள்ளிய மேற்குக்கரைக் கூட்டங்களோ? 1992 ஏப்ரல் இறுதியில், காம்ப்டனுக்கு அருகிலுள்ள வாட்ஸில், 1949-இல் எகிப்தும் இசுரேலும் செய்த போர்நிறுத்த உடன்பாட்டை முன்மாதிரியாகக் கொண்டு, தமக்குள் அமைதி உடன்படிக்கை எழுதின. பாடகர் பகை வளர்த்த காலத்தில், துப்பாக்கி ஏந்தியோர் பகை முடித்தனர்!

தோழர்களே! கோபம் நம் செல்வம். அதைக் கண்ட இடத்தில் வீசிக் கரைத்துவிடலாகாது. அடுத்த ஊரான்மீது, அடுத்த தெருவான்மீது, அடுத்த சாதியான்மீது சினம் மூளும்போதெல்லாம் ஒரு கணம் நின்று கேளுங்கள்: நாங்கள் மோதினால் கல்லாவை எண்ணப்போகிறவன் யார்? விடை கிடைத்தபின் பாடுங்கள். எவ்வளவு கடுமையாகப் பாடினாலும் நாம் முகம் சுளிக்கமாட்டோம்.