காண்போர் தீர்ப்பு

செஞ்சிக் கோட்டைக்கு வடக்கே, தேசூரை அடுத்துள்ள சிற்றூர் சீயமங்கலம். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் கி.பி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குள்ள பாறையைக் குடைந்து அமைத்த குகைக் கோயிலை வரலாறு கற்போர் அறிவர். அம்மன்னன் கல்லைக் குடைந்தவன் மட்டுமல்லன். ‘மத்தவிலாசம்’ என்னும் நகைச்சுவை நாடகத்தை வடமொழியில் யாத்தவனும் ஆவான். குடிமயக்கத்தில் இருக்கும் காபாலிகன் ஒருவனின் பிச்சைப் பாத்திரமாகிய மண்டையோடு காணாமற்போகிறது. அவன் பௌத்தத் துறவி ஒருவர்மீது பழி சுமத்திச் சண்டையிடுகிறான். உண்மையில் அதனைக் கவ்விச் சென்றது ஒரு நாய். ஏன் கவ்வியது? அதில் இறைச்சி இருந்தது. அவன் ஏன் பிறரைப் பழித்தான்? குடித்தவனுக்குத் தன் மறதி தெரியாது. நிகழ்ச்சிக்குக் காரணம் உண்டு. செயலுக்குக் குணம் பொருந்துகிறது. நாடகம் என்னும் மண்டபத்தைத் தாங்கும் இரு தூண்கள் இவையே.

அம்மன்னன் கோயில் குடைந்த அவ்வூர்ப் பக்கத்தில், நம் உறவினர் இல்லம் ஒன்றில் சென்ற ஆண்டு சில நாட்கள் தங்க நேர்ந்தது. இஷாத் தொழுகை முடித்துத் திரும்பினால் வீடு முழுவதும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கூடியிருக்கும். இத்தகைய தொடர் நாடகங்களை நாம் நெடுங்காலம் வீண்பொழுது என்றே கருதி வந்தோம். மேடையிலும் அவ்வாறே பேசியிருக்கிறோம். ஆகவே திண்ணையில் அமர்ந்து நூலொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தோம். உள்ளிருந்து அவ்வீட்டு நன்னியின் குரல் கேட்டது:

“அந்தக் கடுதாசியைத்தான் அவ படிச்சுட்டாளே! புருஷன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா தீர்ந்துபோச்சு. மூணு மாசமா ஏன் வாயைத் தொறக்க மாட்டேங்கறா?”

“சொல்லிட்டா நாளைக்குக் கதை ஏது மாமி?” என்றார் மருமகள்.

கையிலிருந்த நூலை நாம் மூடிவிட்டோம். எழுத்தறியாத அம்மூதாட்டி கேட்டது கதையமைப்பின் உயிர்நாடியைப் பற்றிய வினா. மருமகள் கூறியதோ, தொடர் நாடகத் தொழிலின் முழு இரகசியம்!

காட்சிகளில் காரணம் தேடும் இவ்வியல்பு நம் மக்களுக்குப் புதிதன்று. திருக்குர்ஆனின் யூசுஃப் அத்தியாயத்தை நாம் அனைவரும் ஓதுகிறோம். உடன்பிறந்தோர் பொய்க்குருதி தோய்ந்த சட்டையைக் கொணர்ந்து, தம்பியை ஓநாய் தின்றுவிட்டது என்று அழுகின்றனர். தந்தை யஃகூப் (அலை) அவர்கள் அதனை நம்பவில்லை. ஏன் என்பதற்கு விரிவுரையாளர்கள் ஒரு நயம் கூறுவர்: சட்டை கிழியவில்லை! மகனைத் தின்ற ஓநாய் சட்டைக்கு மட்டும் இரக்கம் காட்டுமோ? பின்னர் அரண்மனையில் பின்புறம் கிழிந்த சட்டையே யூசுஃப் (அலை) அவர்களின் தூய்மைக்குச் சான்றாகிறது. இறுதியில், அவர் அனுப்பிய சட்டையாலேயே தந்தையின் கண்கள் ஒளி பெறுகின்றன. மூன்று இடங்களில் சட்டை; மூன்றிலும் காரணம் குன்றவில்லை. இதனைக் கேட்டு வளர்ந்த நன்னி, காரணமில்லாத கண்ணீரைக் கண்டு முறையிடுவதில் வியப்பென்ன?

ஆனால் ஈண்டு ஓர் ஐயம் எழலாம். நம் பாட்டிமார் ‘கிஸ்ஸா’க்களையும் ‘படைப்போர்’களையும் இராகத்துடன் படிக்கக் கேட்டு மகிழ்ந்தவர்கள் அல்லரோ? அவற்றில் ஒருவர் ஆயிரம் பேரை வெட்டி வீழ்த்துவார். ஜின்கள் கணப்பொழுதில் கடல் கடப்பர். அவற்றையெல்லாம் ஏற்றவர்கள், பேசாதிருக்கும் ஒரு மருமகளை ஏன் ஏற்க மறுக்கின்றனர்?

இவ்வினாவுக்கு விடை யவன நாட்டிலிருந்து அரபு மொழி வழியாக வருகிறது. அரிஸ்டாட்டிலின் கவிதையியல் நூலைப் பத்தாம் நூற்றாண்டில் அபூ பிஷ்ர் மத்தா சிரியாக் மொழியிலிருந்து அரபியில் பெயர்த்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் குர்துபா நகரப் பேரறிஞர் இப்னு ருஷ்து அதற்கு விளக்கம் எழுதினார். அவர்கள் அறிந்த இலக்கியத்தில் யவனர் முறையிலான மேடை நாடகம் இல்லை. ஆகவே துன்பியல் நாடகத்தை ‘மத்ஹு’ என்னும் புகழ்ப்பாட்டாகவும், நகைச்சுவை நாடகத்தை ‘ஹிஜா’ என்னும் வசைப்பாட்டாகவும் கொண்டனர். நாடகம் பாராமலே நாடகத்துக்கு உரை கண்ட அப்பெருமக்களை எண்ணும்போது, தொடர் எதனையும் பாராமலே தீர்ப்பளித்த நம் நிலையும் நினைவுக்கு வந்து சிறிது நாணினோம். அவர்களுக்கு நாடகம் காணக் கிடைக்கவில்லை. நமக்கோ அடுத்த அறையிலேயே இருந்தது!

நிற்க. அந்நூலில் அரிஸ்டாட்டில் கூறும் கருத்து ஒன்று உண்டு. நடக்கவியலாதது நம்பும்படி அமைந்தால் அதனை ஏற்கலாம். நடக்கக்கூடியதே ஆயினும் நம்பவியலாதபடி அமைந்தால் தள்ளவேண்டும் என்பதே அதன் சாரம். ஜின் கடல் கடப்பது முதல் வகை. ஒரு சொல்லில் தீரும் துயரை மூன்று திங்கள் விழுங்கிக்கொண்டிருப்பது இரண்டாம் வகை.

செஞ்சி மண்ணிலேயே இதற்குச் சான்று உண்டு. 1714ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாப் சஆதத்துல்லா கானின் படையை எதிர்த்து மாண்ட தேசிங்குராஜனின் கதை அது. அவன் மிகச் சிறிது காலமே ஆண்டவன், படையும் சிறிது. ஆயினும் நாட்டுப்பாடல் அவனை விடவில்லை. தில்லியில் எவர்க்கும் அடங்காத குதிரையை அவன் அடக்கியதாகவும், அது வானிற் பறந்ததாகவும் பாடுவர். கேட்போர் எவரும் குதிரை பறக்குமா என்று வாதாடியதில்லை. அவனுடைய தோழன் முஸ்லிம் வீரன் மகமத்கான்; நாட்டுப்பாடல் அவனை மோவுத்துக்காரன் என்னும். வழுதாவூரில் தன் மணவிழா நடந்துகொண்டிருக்கையில் தோழனின் ஓலை கண்டதும் மாலையைக் கழற்றிவிட்டுப் போருக்குப் புறப்படுகிறான். அவன் மட்டும் “மணம் முடித்து வருகிறேன்” என்று ஓலை எழுதியிருந்தால், அக்கதையை எவர் நம்பியிருப்பர்? குதிரை பறக்கலாம், தோழன் குணம் பிறழக் கூடாது. மக்கள் மன்றத்தின் சட்டம் இதுவே.

தொடர் நாடகம் இச்சட்டத்தை மீறுவதற்குக் காரணம் எழுதுவோரின் அறியாமை என்று கூறிவிட முடியாது. வாரத்தில் ஐந்தாறு நாட்கள், நாளுக்கு அரைமணி நேரம், அதனுள் விளம்பரங்கள். எத்தனை பேர் கண்டனர் என்னும் கணக்கு வாரந்தோறும் வெளியாகிறது. கணக்கு உயர்ந்தால் கதை நீளும். தாழ்ந்தால் திருப்பம் ஒன்று புகுத்தப்படும். முடிவு எங்கே என்று அறியாமலே பயணம் தொடங்குகிறது. 2003 முதல் 2009 வரை ஓடிய ‘கோலங்கள்’ 1500 பகுதிகளைக் கடந்தது. அத்தனை நாட்களுக்குக் குணம் பிறழாது கதை நடத்துவது எளிதோ? நல்லவள் ஒரே வாரத்தில் தீயவளாவதும், இறந்தவர் மீள்வதும், ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்னும் அறிவிப்புடன் முகமே மாறுவதும் இவ்வழியில் வந்தவையே.

காண்போரும் வாளாவிருப்பதில்லை. டமாஸ்கஸ் நகரக் காஃபிக் கடைக் கதைசொல்லிகளைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. வீரன் அன்தரா சிறைப்பட்ட இடத்தில் ஓரிரவு கதையை நிறுத்திவிட்டுக் கதைசொல்லி வீடு சென்றானாம். கேட்டவர் ஒருவர் உறக்கமின்றி நள்ளிரவில் அவன் கதவைத் தட்டி, “அன்தராவை இப்போதே விடுவி” என்று நின்றாராம். இது பழங்கதை. நம் நாட்டிலேயே, 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ‘க்யூங்கி ஸாஸ் பீ கபீ பஹூ தீ’ என்னும் இந்தித் தொடரில் மிஹிர் என்னும் பாத்திரம் இறந்ததும் பார்வையாளரிடையே பெருங்கூக்குரல் எழுந்தது. பின்னர் அப்பாத்திரம் உயிருடன் கொண்டுவரப்பட்டது. கதவு தட்டப்பட்டது, கதைசொல்லியும் திறந்துவிட்டான்!

இவ்வுரிமைக்கும் எல்லை உண்டு. எர்துக்ருல் பற்றிய துருக்கித் தொடர் 2020இல் உருது மொழியில் பாகிஸ்தானில் ஒளிபரப்பாயிற்று. அதில் ஹலீமா சுல்தானாக நடித்த எஸ்ரா பில்கிச், தம் சொந்த வாழ்வில் அணிந்த உடைக்காக அந்நாட்டுப் பார்வையாளர் பலர் அவரைக் கடிந்துரைத்தனர். பாத்திரத்தின் குணத்துக்கு நடிப்பவரைப் பொறுப்பாக்குவது நீதியன்று. கதாசிரியனிடம் கேட்கவேண்டிய கணக்கை நடிப்பவரிடம் கேட்பது, கடன் வாங்கியவன் ஒருவனிருக்கச் சாட்சியைப் பிடிப்பது போன்றதாகும்.

இனி, நம்மை நெடிது சிந்திக்க வைத்த செய்திக்கு வருவோம். ‘கோலங்கள்’ தொடரை இயக்கிய திருச்செல்வமே 2022இல் ‘எதிர்நீச்சல்’ என்னும் தொடரைத் தொடங்கினார். ஆதிமுத்து குணசேகரன் என்னும் மூத்தவர், கற்றறிந்த பெண்களை வீட்டுக்குள் கொணர்ந்து, வேலைக்குச் செல்லவிடாது அடக்கி ஆள்கிறார். அப்பாத்திரத்தில் நடித்தவர் இயக்குநர் மாரிமுத்து. 2023 செப்டம்பர் 8ஆம் நாள், அத்தொடருக்கே குரல் கொடுக்கச் சென்ற இடத்தில் நெஞ்சுவலி வந்து அவர் காலமானார். எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அப்பாத்திரத்தை ஏற்றார். தொடர் 2024 ஜூனில் நிறைவுற்றது. அதே ஆண்டு இறுதியில் இரண்டாம் பகுதியும் தொடங்கிற்று.

இதில் வியப்பு யாதெனில், மக்கள் அக்கொடியவரை விரும்பினர்! அவர் அதட்டும் சொல் தெருவெங்கும் விளையாட்டாக ஒலித்தது. அவர் மறைந்தபோது சொந்த வீட்டில் ஒருவரை இழந்தாற்போல் பலர் வருந்தினர். நம் இலக்கணப்படி இது புரிந்துகொள்ளத் தக்கதே. சுற்றியுள்ள பாத்திரங்கள் கதையின் தேவைக்கேற்ப வளைந்தாலும், அவர் தம் குணத்தில் வளையவில்லை. அவர் அடுத்து என்ன செய்வார் என்று காண்போர் முன்னரே அறிந்திருந்தனர். ஏனெனில் அவரை முன்னரே அறிந்திருந்தனர். எங்கே? தத்தம் இல்லங்களில்!

சீயமங்கலம் பக்கத்து அவ்வீட்டிலும் இதனைக் கண்டோம். இரண்டாம் பகுதி ஒளிபரப்பாகும் வேளை. வீட்டுத் தலைவர் நாற்காலியில் அமர்ந்து, திரையில் மருமகள் ஒருத்தி எதிர்த்துப் பேசும்போதெல்லாம் “அப்படிக் கேளு!” என்று மகிழ்ந்தார். அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றவள். ஓராண்டாக வீட்டில் இருக்கிறாள். அவள் மெல்லக் கேட்டாள்:

“அத்தா, அந்தப் பொண்ணு வெளியே போய்ச் சம்பாதிக்கணும்னு நீங்க சந்தோஷப்படறீங்க. நான் காலேஜுக்குப் போறேன்னா மட்டும் ஏன் கோபம் வருது?”

அறை அமைதியாயிற்று. அவர் சற்றுத் தடுமாறி, “ஹஜ்ரத்தே அன்னிக்குச் சொன்னாங்களே, வெளியூர்ப் படிப்பு வேணாம்னு” என்று நம்மைப் பார்த்தார்.

உண்மை. சென்ற முறை வந்தபோது அவர் நம்மிடம் யோசனை கேட்டார். பேருந்துப் பயணம், காலம் கெட்டுக் கிடப்பது என்றெல்லாம் கூறி, “இப்போதைக்கு வேண்டாமே” என்று நாம்தான் சொன்னோம். அவளை அழைத்து ஒரு சொல் கேட்கவில்லை. கல்வி தேடுதலின் சிறப்பை முப்பதாண்டுகளாக மதரஸாவில் பாடம் நடத்தும் நாம், ஒரு மாணவியின் கல்வியைத் திண்ணையில் அமர்ந்தபடி ஒரே வாக்கியத்தில் நிறுத்திவிட்டோம். தொடர் நாடகத்தில் இத்தகைய ஆசிரியர் ஒருவர் வந்தால், “முன்னே சொன்னதுக்கும் இப்போ செய்றதுக்கும் பொருத்தமே இல்லையே” என்று நன்னி அன்றோ முதலில் கேட்பார்!

காண்போர் கருத்து வெறும் வம்பு என்று எண்ணியிருந்தோம். அது ஒரு தராசு என்று அன்று கண்டோம். நிகழ்ச்சிக்குக் காரணம் உண்டா, செயலுக்குக் குணம் பொருந்துகிறதா என்று அது நிறுக்கிறது. திரையிலுள்ளோரை அதில் வைத்து நிறுக்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் வீட்டிலுள்ள பெண்மக்கள் அதே தராசை நம் பக்கம் திருப்பும்போது, “நாடகம் பார்த்துக் கெட்டுவிட்டாய்” என்று அடக்குவது அறமன்று. கொடுமையைத் திரையில் கண்டு சிரித்துவிட்டு வீட்டில் அதையே தொடர்வோமாயின், நாம் கண்டது நாடகமன்று, நம் நிழலை.

தொடர்களை எல்லாம் காணுங்கள் என்று நாம் கூறவரவில்லை. அவற்றில் தள்ளவேண்டியவை மிகுதி, பொழுதும் பெரிது. ஆனால் காண்போர், கண்டதைப் பற்றிக் குடும்பமாகப் பேசட்டும். “அவள் ஏன் சொல்லவில்லை?” என்று நன்னி கேட்டால் அதற்கு விடை தேடுங்கள். அஞ்சிச் சொல்லவில்லையா, சொன்னால் கேட்பார் இல்லையா, அல்லது கதை நீளவேண்டும் என்பதற்காகவா? முதலிரண்டும் நம் வீடுகளிலும் நிகழ்பவை. மூன்றாவது மட்டுமே கதாசிரியனின் குற்றம்.

மறுநாள் ஃபஜ்ர் தொழுகைக்குப் பின் அவ்வீட்டுத் தலைவரை அழைத்து, “அன்று நாம் கூறியது தவறு. பிள்ளை படிக்கட்டும்” என்றோம். அவர் உடனே விடை கூறவில்லை. கட்டணம், பயணம், துணை என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தார். அவை மெய்யான கவலைகள். அவற்றுக்கு வழி காணவேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டே திரும்பினோம். வாசலில் நின்ற நன்னி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“இந்த ஒரு வார்த்தையைப் போன வருஷமே சொல்லியிருந்தா, புள்ளைக்கு ஒரு வருஷம் மிச்சமாயிருக்கும் ஹஜ்ரத்.”