மன்னிப்பு யாருடைய உரிமை?
‘சாப விமோசனம்’ - ஒரு மறுவாசிப்பு

புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய ‘சாப விமோசனம்’ இராமாயணத்தின் மறுவாசிப்பு என்றும், பெண்ணுக்காகப் பேசும் படைப்பு என்றும் பாராட்டப்பெற்ற சிறுகதை. அதனை வேறொரு கேள்வியோடும் வாசிக்கலாம். இல்லறத்தில் பிரமாணிக்கம் தவறியது வெளிப்பட்டபின் கணவனுக்கும் மனைவிக்கும் எஞ்சியிருக்கும் வழிகள் யாவை? அவற்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமை யாருக்கு உண்டு?

இராமனின் பாதத்தூளி பட்டு அகலிகை கல்லினின்றும் எழுகிறாள். புற்றிலிருந்து கோதமன் வெளிப்படுகிறான். சாபம் நீங்கிய இடத்திலேயே கதையின் துயரம் தொடங்குகிறது. இந்திரன் கணவனின் வடிவில் வந்து ஏமாற்றினான். அவள் மனமறியாது நடந்தது பாவமாகாது என்று கோதமன் தெளிகிறான். பாவத்திற்கு முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும் என்னும் நம் அறநெறி இயலுக்கும் இது உடன்பாடே. ஆயினும் அத்தெளிவு வீட்டிற்குள் அமைதியைக் கொணரவில்லை. பிறர் இயல்பாகப் பேசும் சொல்லிலும் அகலிகை உட்பொருள் தேடி அஞ்சுகிறாள்.

ஏன் இந்நிலை? சபித்தவன் கோதமன், விடுவித்தவன் இராமன். இரண்டிலும் அகலிகையை எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. தண்டனையைப் போலவே மன்னிப்பும் வெளியிலிருந்து அவள்மேல் இறங்கியது. பின்னர், வனவாசம் முடிந்து வந்த சீதை தான் தீக்குளித்ததை அவளிடம் சொல்கிறாள். பிறன் மனைவியை ஏற்கும்படி செய்தவன் தன் மனைவியிடம் சான்று கேட்டான் என்று அறிந்ததும் அகலிகையின் நம்பிக்கை அடியோடு சரிகிறது. ஊருக்கு ஓர் அளவுகோல், தன் வீட்டிற்கு வேறோர் அளவுகோல்: ஆசிரியர் சுட்டும் குற்றம் இதுவே.

இந்த இரட்டை அளவுகோல் புராணத்தோடு முடிந்துவிடவில்லை. 1869-ஆம் ஆண்டின் இந்திய மணமுறிவுச் சட்டத்தின் கீழ், கிறிஸ்தவக் கணவன் மனைவியின் விபசாரம் ஒன்றையே காட்டி மணமுறிவு பெறலாம். மனைவிக்கோ கணவனின் விபசாரம் மட்டும் போதாது; அதனுடன் கொடுமை, இரண்டாண்டுக் கைவிடல் போன்ற மற்றொரு குற்றத்தையும் அவள் மெய்ப்பிக்கவேண்டும். கேரள உயர் நீதிமன்றம் 1995-இல் இவ்வேறுபாட்டைக் களைந்தது. நாடாளுமன்றம் 2001-இல் சட்டத்தைத் திருத்தி இருவருக்கும் ஒரே காரணங்களை வகுத்தது. மனைவியோடு உறவு கொண்டவனிடமிருந்து கணவன் நட்டஈடு கோரும் பிரிவும் அப்போது நீங்கியது. மனைவியை உடைமையாகக் கருதிய காலத்தின் எச்சம் அது.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவும் அத்தகையதே. கணவன் மற்ற ஆடவன்மீது வழக்குத் தொடரலாம். மனைவி எவர்மீதும் தொடர இயலாது. உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27-இல் அப்பிரிவைச் செல்லாதென்று தீர்ப்பளித்தது. இன்று விபசாரம் சிறைக்கு அனுப்பும் குற்றமன்று. மணமுறிவுக்கான காரணமாக மட்டும் நிலைத்திருக்கிறது.

ஆகவே, காயமுற்ற கிறிஸ்தவத் துணைவர்முன் இன்று சில வழிகள் உள்ளன. மணமுறிவு கோரலாம். மணவுறவு நீடிக்க, சேர்ந்து வாழும் கடமையினின்று மட்டும் விடுபடும் நீதிமுறைப் பிரிவைக் கேட்கலாம். இருவரும் இசைந்து விலகும் வழியும் 2001-இல் சேர்க்கப்பட்டது. மன்னித்து மீண்டும் இல்வாழ்வைத் தொடங்கலாம். ஆனால் அறிந்தும் இல்லற உறவைத் தொடர்ந்தால் அக்குற்றம் மன்னிக்கப்பட்டதாகக் கொள்ளப்படலாம். பின்னர் அதையே காரணமாகக் காட்டுவது அரிது.

இங்கே இரண்டு தெளிவுகள் தேவை. அரசு நீதிமன்றம் தரும் மணமுறிவு அருளடையாளத் திருமணத்தின் பிணைப்பை அவிழ்ப்பதில்லை. திருச்சபைத் தீர்ப்பாயம் திருமணம் செல்லாதது என அறிவித்தாலும், நாட்டின் சட்டத்தின்முன் அது மணமுறிவாகாது. 1996-இல் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிசெய்தது. மேலும், திருமணத்திற்குப்பின் நேர்ந்த துரோகம் தன்னளவில் திருமணத்தைச் செல்லாததாக்காது. வாக்குறுதி அளித்த வேளையிலேயே பிரமாணிக்கத்தை மனத்தால் விலக்கியிருந்தாரா என்பதே தீர்ப்பாயத்தின் வினா.

இனி, 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1152-ஆம் எண்ணை ஓர் இலக்கியப் பனுவலைப் போல் ஊன்றிப் படித்துப் பார்ப்போம். அதன் முதற்பாதி, கிறிஸ்தவ அன்பால் ஏவப்பட்டுக் குடும்பநலன் கருதி மன்னிக்குமாறு துணைவரிடம் வற்புறுத்திப் பரிந்துரைக்கிறது. மறுபாதி, அவர் மன்னிக்கவில்லையெனில் கூட்டுவாழ்விலிருந்து பிரியும் உரிமையை ஏற்கிறது. அவரும் அத்துரோகத்திற்கு இசைந்தோ, காரணமாயிருந்தோ, தாமும் அதே தவறு செய்தோ இருந்தால் மட்டும் அவ்வுரிமை இல்லை. அறிந்தபின் ஆறு மாதம் இல்லற வாழ்வைத் தொடர்ந்து, எந்த அதிகாரியிடமும் முறையிடாதிருந்தால் மன்னித்ததாகக் கருதப்படும். தாமாகப் பிரிந்தவரும் ஆறு மாதத்திற்குள் திருச்சபை அதிகாரியை அணுகவேண்டும். இச்சட்டத்தில் கணவன் என்றும் மனைவி என்றும் வேறுபாடில்லை.

நம் ஊர்களில் நிகழ்வது என்ன? துரோகம் செய்தவன் கணவன் எனில், உறவினரும் ஊர்ப் பெரியோரும், சிலவேளை மேய்ப்பர்களும், மனைவிக்கு முதற்பாதியை மட்டும் வாசித்துக் காட்டுகின்றனர். ‘குழந்தைகளுக்காகப் பொறுத்துக்கொள்’ என்கின்றனர். தவறியவள் மனைவி எனில், மறுபாதி மட்டும் நினைவுக்கு வருகிறது. ஒரே சட்டம் இரண்டாகக் கிழிக்கப்பட்டு, ஆளுக்கேற்பப் பரிமாறப்படுகிறது. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசுவிடம் கொணர்ந்தோரும் மோசேயின் சட்டத்தை இவ்வாறே கிழித்தனர். அச்சட்டம் இருவரையும் குற்றவாளிகளாக்கியிருக்க, ஆடவனை அவர்கள் அழைத்து வரவில்லை. ஆண்டவர் அவளைத் தண்டிக்கவில்லை. நடந்ததைப் பாவமல்ல என்றும் சொல்லவில்லை.

இக்கண்ணோட்டத்தில் கதைக்கும் ஒரு குறை உண்டு. அகலிகை மீண்டும் கல்லாகிறாள். கோதமன் துறவு பூண்டு போகிறான். கல்லும் துறவும் அன்றி வேறு வழி இல்லை என்று கதை நம்மை நம்பச் செய்கிறது. கலையளவில் அம்முடிவு வலியது. வாழ்வின் வழிகாட்டியாக அது போதாது. பிரிந்திருந்தும் பிணைப்பை மதிக்கும் வழியொன்று உண்டு. பிரிந்தவர் தவறியவரை மீண்டும் ஏற்பதைப் போற்றுதற்குரியது என்று 1155-ஆம் எண் சொல்கிறது. கதவைத் திறந்து வைக்கிறதேயன்றி, உள்ளே எவரையும் இழுத்து வருவதில்லை.

எனினும் புதுமைப்பித்தன் கண்ட உண்மை நம்மைவிட்டு அகலாது. கட்டளையாக வரும் மன்னிப்பு சாபத்தின் மறுபெயர். மறுக்கும் உரிமை உள்ளவர் மனமுவந்து தருவதே மன்னிப்பு. எனவே, ஆறுதல் தேடி வருவோரிடம் 1152-ஆம் எண்ணை முழுமையாக, கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே குரலில் வாசித்துக் காட்டுவோம். அதன்பின் அவர்கள் தேர்ந்துகொள்ளப் பொறுமையோடு உடனிருப்போம்.