நிழற்படமும் நோயாளியும்

மூளை நாடியின் சுவர் நலிந்து குமிழிபோற் புடைத்து நிற்றலுண்டு. அப்புடைப்பு வெடிப்பின் உயிர்க்கு ஏதம் விளையும். மண்டையோட்டைத் திறவாது, நாடிவழியே நுண்குழாயைச் செலுத்திப் பிளாற்றினச் சுருள்களால் அதனை நிரப்பும் முறையைக் குக்லியெல்மி குழுவினர் 1990 இல் முதன்முதல் நோயாளிக்குக் கையாண்டனர்.

நிரம்பியதா என அளத்தற்கு, றேமண்ட், றோய் முதலியோர் 2001 இல் வெளியிட்ட மூன்று படிகளே பெருவழக்கு: முற்றும் அடைபட்டது, கழுத்தில் மிச்சமுள்ளது, புடைப்பிலேயே மிச்சமுள்ளது. எளிமை இதன் சிறப்பு. அதுவே இதன் குறையுமாம். பின்னிரு படிகளின் எல்லை, படமெடுத்த கோணத்தாலும் காண்பவர் கண்ணாலும் மாறும். சிகிச்சை செய்தவரே தீர்ப்புங் கூறின், மாணாக்கன் தன் விடைத்தாளைத் தானே திருத்துதல் போலாகும். சுருள்கள் நாளடைவில் ஒடுங்குதலும் உண்டாதலின், முதல்நாட் படம் ஒன்றே போதாது.

படம் நன்றாயின் நோயாளியும் நலமோ? புடைப்பு வெடித்த 2143 நோயாளரைக் கொண்டு நிகழ்ந்து, 2002 இல் வெளியான பன்னாட்டு ஆய்வை நோக்குக. ஓராண்டின்பின் இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழ்வோரும் சுருள் பெற்றோரில் 23.7 வீதம், அறுவை பெற்றோரில் 30.6 வீதம். ஆயின், 2005 இல் வெளியான தொடர்ச்சியின்படி, படத்தில் முற்றும் அடைபட்டவை சுருளில் 66 வீதமே. அறுவையில் 82 வீதம். படத்தில் தோற்றது வாழ்வில் வென்றது.

எனவே படத்தைத் தள்ளிவிடலாமோ? ஆகாது. 2008 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முற்றும் அடைபட்டவற்றுள் மீண்டும் வெடித்தவை 1.1 வீதம், 70 வீதத்திற்குக் குறைவாக அடைபட்டவற்றுள் 17.6 வீதம்.

ஆகவே படம் சான்று, தீர்ப்பன்று. சிகிச்சையிற் பங்குகொள்ளாதாரே அதனை ஆராய்தல் வேண்டும். அதனருகே நோயாளியின் நிலையும் எழுதப்படல் வேண்டும். இரண்டையும் ஒருங்கு நோக்காத மதிப்பீடு அரைமதிப்பீடேயாம்.